கோட்டிலிருந்து 15 மீட்டர்

கால்பந்து ஆட்டம் ஒன்று நடந்துகொண்டிருக்கிறது. ஆடுகிறவர்கள் பள்ளிச் சிறுமிகள். பந்து உதைபடும் ஓசை கேட்கிறது. "இங்கே, இங்கே!" என்று ஒரு சிறுமி பந்தைக் கேட்கும் குரல் கேட்கிறது. நடுவரின் விசில் கேட்கிறது. வேறு சத்தம் இல்லை. வேடிக்கை பார்க்க யாரும் வரவில்லையோ என்று எண்ணிவிடாதீர்கள். தாய்மாரும் தந்தைமாரும் மைதானத்தின் ஓரத்தில் வரிசையாக நிற்கிறார்கள். இரு அணிகளின் பயிற்சியாளர்களும் இருக்கிறார்கள். ஆனால் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை!

இது கற்பனைக் காட்சி அன்று. அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தின் வட பகுதியில் சிறுமியருக்கான கால்பந்து லீக் ஒன்று உண்டு. 1999ஆம் ஆண்டு அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த லீக் ஒரு கட்டளை போட்டது. அன்று நடக்கும் எந்த ஆட்டத்திலும் பயிற்சியாளரோ பெற்றோரோ கத்தக்கூடாது. அந்த நாளுக்கு 'மௌன ஞாயிறு' என்று பெயர். செய்தித்தாள்களில் இது பெரிய செய்தியாயிற்று. பிறகு மற்ற இடங்களிலும் இப்படி மௌன நாட்கள் வந்தன. சில ஊர்களில் பெற்றோருக்கு ஆளுக்கு ஒரு குச்சிமிட்டாய் கொடுத்து வாயில் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். வாயில் மிட்டாய் இருந்தால் கத்த முடியாது அல்லவா? இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கமும் 2019இல் இளைஞர் ஆட்டங்களுக்காக மௌன வார இறுதி ஒன்றை நடத்தியது.

பெரியவர்களை ஏன் இப்படி வாயடைக்க வேண்டும்? "கூச்சல் போடுவது நாகரிகம் அல்ல" என்பது ஒரு விடை. அது சரியான விடைதான். ஆனால் அதைவிடச் சுவையான விடை ஒன்று இருக்கிறது. மைதானத்தின் ஓரத்திலிருந்து வரும் கூச்சல், ஆடுகிற பிள்ளையின் காதிலும் மூளையிலும் என்ன செய்கிறது என்பதை ஆராய்ந்தால் அந்த விடை கிடைக்கும்.

பழைய செய்தி

இரவில் ஒரு விண்மீனைப் பார்க்கிறீர்கள். நீங்கள் காண்பது இப்போது இருக்கும் விண்மீனை அல்ல. சூரியனுக்கு அடுத்தபடி நமக்கு மிக அருகில் உள்ள விண்மீனின் ஒளி வந்து சேரவே நான்கு ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. நீங்கள் பார்ப்பது நான்கு ஆண்டுப் பழைய செய்தி. மைதானத்தின் ஓரத்திலிருந்து வரும் கட்டளையும் இப்படிப் பழைய செய்திதான். எவ்வளவு பழையது? கணக்கிட்டுப் பார்ப்போம்.

மேரி என்ற சிறுமியிடம் பந்து இருக்கிறது. அவளுக்கு வலப்பக்கம் ஒரு தோழி தனியாக நிற்கிறாள். பயிற்சியாளர் இதைக் காண்கிறார். கண்ணில் பட்டது மூளையில் பதியச் சுமார் கால் வினாடி. என்ன சொல்வது என்று முடிவு செய்ய இன்னொரு கால் வினாடி. "மேரி, வலப்பக்கம் கொடு!" என்று கூவி முடிக்க ஒரு வினாடி. ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்கிறது. எனவே 34 மீட்டர் தூரத்தைக் கடக்க வினாடியில் பத்தில் ஒரு பங்கு. மேரி அதைக் கேட்டு, பொருளை உணர்ந்து, காலை அசைக்க இன்னும் அரை வினாடியாவது வேண்டும். கூட்டிப் பாருங்கள். இரண்டு வினாடிக்கு மேல் ஆகிவிட்டது. இது நாம் போட்ட தோராயக் கணக்கு; ஆனாலும் பெரிய தவறு இராது.

இரண்டு வினாடி என்பது பெரிய காலமா என்று கேட்கலாம். வினாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் ஓடிவரும் எதிரணிச் சிறுமி அதற்குள் 10 மீட்டர் வந்துவிடுவாள். தனியாக நின்ற தோழி இப்போது தனியாக இல்லை. பயிற்சியாளர் பார்த்த மைதானம் ஒன்று. மேரி பந்தை உதைக்கும்போது இருக்கும் மைதானம் வேறொன்று. பயிற்சியாளர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் இந்த இரண்டு வினாடியை அவரால் விலைக்கு வாங்க முடியாது.

அருகில் ஓடும் தோழி "பின்னால்!" என்று கூவினால் கதை வேறு. அது ஒரே சொல். எட்டு மீட்டர் தூரத்திலிருந்து வருகிறது. எச்சரிக்கை புதிதாக இருக்கும்போதே காதில் விழுந்துவிடும். ஆட்டக்காரர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வது மிகவும் பயனுள்ளது என்று எல்லாப் பயிற்சியாளர்களும் சொல்வார்கள். அந்தப் பேச்சு காதில் விழாதபடி செய்பவர்களும் பல சமயம் அவர்களேதான்! இதைப் பிறகு டெசிபல் கணக்கில் காண்போம்.

காதைப் பிடித்து இழுக்கும் சொல்

கட்டளை பழையதாக இருந்தால் அதைக் கேட்காமல் விட்டுவிடலாமே? அது அவ்வளவு எளிதன்று.

1953இல் இங்கிலாந்தைச் சேர்ந்த காலின் செரி என்னும் அறிஞர் ஒரு சோதனையை வெளியிட்டார். ஒருவருடைய இரு காதுகளிலும் ஒலிபெருக்கிக் குமிழ்களை மாட்டினார். வலக் காதில் ஒரு பேச்சு, இடக் காதில் வேறொரு பேச்சு. ஒரு காதில் கேட்பதை மட்டும் அப்படியே திருப்பிச் சொல்லவேண்டும். இதை எல்லாரும் செய்தார்கள். மற்றக் காதில் என்ன பேசப்பட்டது என்று பிறகு கேட்டால் ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. அந்தக் காதில் பேச்சு ஆங்கிலத்திலிருந்து ஜெர்மன் மொழிக்கு மாறியதைக்கூடக் கவனிக்கவில்லை! நமது கவனம் ஒரு சிறிய வாயில். அதன் வழியே ஒரு சமயத்தில் ஒரு பேச்சுதான் நுழைய முடியும்.

அப்படியானால் மேரியும் ஆட்டத்தில் கவனமாக இருந்தால் ஓரத்துக் கூச்சல் அவளுக்குக் கேட்காது என்று நினைக்கிறீர்களா? 1959இல் நெவில் மோரே என்பவர் இதே சோதனையில் ஒரு சிறிய மாற்றம் செய்தார். கவனிக்காத காதில் அந்த ஆளின் சொந்தப் பெயரைச் சொல்லவைத்தார். சுமார் மூன்றில் ஒருவர் அதைக் கேட்டுவிட்டார். மற்ற எதற்கும் திறக்காத கதவு சொந்தப் பெயருக்குத் திறக்கிறது.

இப்போது ஏதாவது ஒரு மைதானத்தின் ஓரத்தில் நின்று கேளுங்கள். பெரியவர்கள் கத்தும் கட்டளைகளில் முதல் சொல் என்ன? பிள்ளையின் பெயர்! அதைச் சொல்பவரும் யாரோ எவரோ அல்ல. தந்தை, தாய், அல்லது அடுத்த வாரம் அணியில் சேர்ப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யும் பயிற்சியாளர். பிள்ளை ஒரு கணம் திரும்பிப் பார்க்கிறது. பந்து போய்விடுகிறது. "ஏன் கவனிக்காமல் நிற்கிறாய்?" என்று மறுபடியும் ஒரு கூச்சல் எழுகிறது.

கட்டளை சரியானதாக இருந்தாலும் ஒரு தீங்கு உண்டு. ஜெர்மனியில் டேனியல் மெம்மெர்ட், ஃபிலிப் ஃபர்லி என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் 2007இல் இளம் கைப்பந்து ஆட்டக்காரர்களிடம் இதைச் சோதித்தார்கள். இங்கே கைப்பந்து என்பது வலைக்கு இருபுறமும் நின்று ஆடுவது அன்று. பந்தைக் கையால் எறிந்து கோல் போடும் ஹேண்ட்பால். ஆட்டக்காரரிடம் "இதைக் கவனி" என்று குறிப்பாக ஒன்றைச் சொல்லிவிட்டால், பக்கத்தில் தடுப்பார் யாருமின்றித் தனியாக நிற்கும் சொந்த அணி ஆட்டக்காரரை அவர்கள் காணத் தவறினார்கள். கண் பார்க்கிறது, மனம் பார்க்கவில்லை. கட்டளை கூடக் கூடப் பார்வை குறுகிப் போகிறது.

கரப்பான் பூச்சிகளின் மைதானம்

இவ்வளவு நேரம் சொற்களைப் பற்றிப் பேசினோம். ஒன்றும் சொல்லாமல் வெறுமே பார்த்துக்கொண்டு நின்றால்?

இதற்கு விடை கண்டவர் அமெரிக்க உளவியலறிஞர் ராபர்ட் சயான்ஸ். அவர் தேர்ந்தெடுத்த ஆட்டக்காரர்களோ கரப்பான் பூச்சிகள்! கரப்பானுக்கு வெளிச்சம் பிடிக்காது. பெட்டியின் ஒரு முனையில் விளக்கைப் போட்டால் இருட்டான மறுமுனைக்கு ஓடும். சயான்ஸும் அவருடைய உடன் ஆய்வாளர்களும் 1969இல் இரு வகைப் பாதைகளைச் செய்தார்கள். ஒன்று நேரான பாதை. விளக்கைக் கண்டதும் நேரே ஓடினால் போதும். மற்றது திருப்பம் உள்ள பாதை. சரியான பக்கம் திரும்பினால்தான் இருட்டுக்குப் போய்ச் சேரலாம். பாதையின் ஓரங்களில் ஒளி ஊடுருவும் சிறு பெட்டிகளை வைத்தார்கள். சில சோதனைகளில் அவற்றுக்குள் வேறு கரப்பான்கள் 'பார்வையாளர்களாக' அமர்ந்திருந்தன.

நேர்ப் பாதையில் பார்வையாளர் இருந்தபோது கரப்பான் வேகமாக ஓடிற்று. திருப்பமுள்ள பாதையிலோ பார்வையாளர் இருந்தபோது அதிக நேரம் எடுத்துக்கொண்டது.

சயான்ஸ் இதற்கு முன்பே, 1965இல், மனிதர்களையும் பிற உயிர்களையும் பற்றிய பல சோதனைகளை ஒப்பிட்டு ஒரு விதியைக் கூறியிருந்தார். பிறர் பார்க்கும்போது உடலில் ஒரு கிளர்ச்சி எழுகிறது. நன்றாகப் பழகிப்போன, எளிய செயலாக இருந்தால் அந்தக் கிளர்ச்சி அதைச் சிறப்பாகச் செய்யத் துணைபுரிகிறது. இன்னும் கற்றுக்கொண்டிருக்கும் செயலாக, யோசித்துத் தேர்வு செய்யவேண்டிய செயலாக இருந்தால் அதே கிளர்ச்சி தடுமாறச் செய்கிறது. பல்லாண்டுகள் பழகிய தொழில்முறை ஆட்டக்காரர் லட்சம் பேர் நடுவே உற்சாகமாக ஆடுகிறார். ஒன்பது வயதுப் பிள்ளைக்குப் பந்தை நிறுத்துவதே இன்னும் திருப்பமுள்ள பாதைதான். தொலைக்காட்சியில் கண்ட ஆரவாரத்தைப் பெற்றோர் பிள்ளைகளின் மைதானத்துக்கு அப்படியே கொண்டுவரும்போது இந்த வேறுபாட்டை மறந்துவிடுகிறார்கள். கரப்பானோடு பிள்ளைகளை ஒப்பிடுவதா என்று யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். ஒப்பிட்டவர் நான் அல்லேன்!

விசில் ஊதுபவரும் மனிதர்தான்

கூச்சல் பிள்ளைகளை மட்டும் தாக்குவதில்லை. இளைஞர் ஆட்டங்களில் பல சமயம் நடுவராக இருப்பவருக்கே பதினைந்து, பதினாறு வயதுதான் இருக்கும்.

இங்கிலாந்தில் ஆலன் நெவில் என்பவரும் இருவரும் சேர்ந்து 2002இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். தகுதி பெற்ற 40 நடுவர்களுக்கு ஒரு பெரிய ஆட்டத்தின் படத்தைப் போட்டுக்காட்டினார்கள். 47 மோதல்கள், ஒவ்வொன்றும் தவறா இல்லையா என்று அவர்கள் சொல்லவேண்டும். சிலருக்குப் படம் கூட்டத்தின் இரைச்சலோடு காட்டப்பட்டது. மற்றவர்களுக்கு ஒலியே இல்லாமல் காட்டப்பட்டது. இரைச்சலைக் கேட்டவர்கள், சொந்த ஊர் அணிக்கு எதிராக 15.5 சதவீதம் குறைவான தவறுகளையே அறிவித்தார்கள். அவர்கள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர்கள். கூட்டம் அவர்களை ஒன்றும் செய்துவிட முடியாது. அவர்களுக்கே இப்படி என்றால், இரண்டடி தூரத்தில் ஒரு பிள்ளையின் தந்தை முகம் சிவக்கக் கத்தும்போது பதினாறு வயது நடுவருக்கு எப்படி இருக்கும்?

இத்தனைக்கும் கத்துகிற தந்தை கண்டது சரியாக இருக்கவேண்டும் என்பதில்லை. ஆஃப்சைடு பற்றி நெதர்லாந்து ஆராய்ச்சியாளர்கள் 2000ஆம் ஆண்டில் 'நேச்சர்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். பயிற்சி பெற்ற கோட்டு நடுவரே கடைசித் தடுப்பாட்டக்காரருக்கு நேராக நிற்காமல் சிறிது விலகி நின்றால், பார்வைக் கோணம் காரணமாகத் தவறான தீர்ப்புத் தருகிறார் என்று அதில் காட்டினார்கள். அவர் விலகி நிற்பது ஒரு மீட்டர் அளவில்தான். இருபது மீட்டர் தள்ளி நிற்கும் தந்தையின் கண்ணுக்கு ஆட்டம் எப்படித் தெரியும் என்று சிந்தித்துக்கொள்ளுங்கள். அவர் பொய் சொல்லவில்லை. அவர் நின்ற இடத்திலிருந்து அப்படித்தான் தெரிகிறது!

இந்தத் தகராறுகள் எங்கே போய் முடியும் என்பதற்கு ஒரு கொடிய சான்று உண்டு. நெதர்லாந்தில் அல்மேரே நகரில் 2012 டிசம்பர் 2ஆம் நாள் ஓர் இளைஞர் ஆட்டம் நடந்தது. ஓர் ஆட்டக்காரரின் தந்தை தாமாக முன்வந்து கோட்டு நடுவராக நின்றார். ஆட்டம் முடிந்ததும் எதிரணியினர் சிலர் அவரைக் கீழே தள்ளி உதைத்தார்கள். மறுநாள் அவர் இறந்துபோனார். 2013இல் நீதிமன்றம் ஆறு இளைஞர்களைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. அவர்களோடு தண்டனை பெற்றவர்களில் ஏழாமவர், அந்த ஆட்டக்காரர்களில் ஒருவரின் தந்தை. அந்தச் சாவுக்கு அடுத்த வார இறுதியில் நாட்டின் எல்லா அமெச்சூர் ஆட்டங்களும் நிறுத்திவைக்கப்பட்டன.

ஆகென் கண்ட வழி

மௌன ஞாயிறு வந்து போய்விடும்; அடுத்த ஞாயிறு பழைய கூச்சல் திரும்பிவிடும். ஜெர்மனியில் ஆகென் நகர வட்டாரத்தைச் சேர்ந்த இளைஞர் பயிற்சியாளர் ரால்ஃப் க்ளோர் வேறு வழி கண்டார். மனிதரைத் திருத்துவதைவிட அவர் நிற்கும் இடத்தை மாற்றுவது எளிது என்பதே அவருடைய வழியின் உட்கருத்து என்று எனக்குத் தோன்றுகிறது. 2007இல் அவர் தொடங்கிய 'ஃபேர் பிளே லீக்' முறை பிறகு ஜெர்மன் கால்பந்துச் சங்கத்தின் ஆதரவோடு நாடெங்கும் பரவியது.

அதில் மூன்றே விதிகள். பார்வையாளர்கள் மைதானக் கோட்டிலிருந்து சுமார் 15 மீட்டர் தள்ளி நிற்கவேண்டும். இரு அணிகளின் பயிற்சியாளர்களும் எதிரெதிரே நிற்காமல் ஒரே இடத்தில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கவேண்டும். மிகத் தேவையானதை மட்டுமே சொல்லவேண்டும். மூன்றாவது விதிதான் வியப்பானது. நடுவரே கிடையாது! பந்து வெளியே போனதா, யார் பந்து, தவறா இல்லையா என்பதைப் பிள்ளைகளே பேசி முடிவு செய்கிறார்கள். தெருவில் ஆடும் பிள்ளைகள் என்றும் அப்படித்தானே செய்கிறார்கள்? இந்த முறை சிறு பிள்ளைகளின் ஆட்டங்களுக்கு மட்டுமே உரியது.

15 மீட்டர் தள்ளி நின்றால் ஒலி எவ்வளவு குறையும்? திறந்த வெளியில் தூரம் இரு மடங்கானால் ஒலியின் அளவு 6 டெசிபல் குறைகிறது. ஒருவர் உரக்கக் கத்தினால் அவருக்கு 1 மீட்டர் தூரத்தில் சுமார் 85 டெசிபல் இருக்கும் என்று கொள்வோம். 2 மீட்டரில் 79. 4 மீட்டரில் 73. 8 மீட்டரில் 67. 16 மீட்டரில் 61. அறுபது டெசிபல் என்பது எதிரே உட்கார்ந்து சாதாரணமாகப் பேசும் பேச்சின் அளவு.

மேரி கோட்டிலிருந்து 4 மீட்டர் உள்ளே பந்தோடு ஓடுகிறாள். கோட்டில் நிற்கும் தந்தையின் குரல் அவளுக்கு 73 டெசிபல். 8 மீட்டர் தூரத்தில் இருக்கும் தோழி கூவுகிறாள். அவள் குரல் சிறிது மெலிது, 1 மீட்டரில் 80 என்று வைத்துக்கொண்டால் மேரிக்கு 62 டெசிபல். தந்தையின் குரலில் தோழியின் குரல் அமுங்கிப்போகிறது. தந்தையைப் 15 மீட்டர் பின்னே நகர்த்துங்கள். இப்போது அவர் 19 மீட்டர் தூரத்தில் இருக்கிறார். அவர் குரல் 59 டெசிபலாகக் குறைந்துவிட்டது. தோழியின் குரல் மேலே வந்துவிட்டது!

ஒரு குறையையும் சொல்லவேண்டும். மைதானத்தின் நடுவில் ஆடும் பிள்ளை ஏற்கெனவே கோட்டிலிருந்து பதினேழு மீட்டர் தூரத்தில் இருக்கிறது. அதற்கு இந்த இடமாற்றத்தால் ஐந்தாறு டெசிபல்தான் குறையும். இருபது பெற்றோர் ஒன்றாகக் கத்தினால் 13 டெசிபல் கூடிவிடும். ஆகவே வெறும் ஒலிக்கணக்கால் மட்டும் இந்த முறை பலன் தருகிறது என்று கூறமுடியாது. அவ்வளவு தூரத்திலிருந்து ஒரு பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கட்டளையிடப் பெரியவர்களுக்கே தோன்றுவதில்லை, கைதட்டத்தான் தோன்றுகிறது. பிள்ளையின் கண்ணிலும் தந்தையின் முகம் படுவதில்லை. பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் இரு பயிற்சியாளர்களும் ஒருவரையொருவர் பார்த்துக் கத்துவது கடினம்!

கோட்டின் ஓரம் காலியாக இருப்பதால் வேறொரு நன்மையும் உண்டு. வினாடிக்கு 6 மீட்டர் வேகத்தில் ஓடும் பிள்ளை, ஒவ்வொரு வினாடிக்கும் 4 மீட்டர் வீதம் வேகத்தைக் குறைத்தால் நிற்பதற்கு நாலரை மீட்டர் தூரம் வேண்டும். கோட்டை ஒட்டிக் கால் நீட்டி உட்கார்ந்திருப்பவர்கள் இதை எண்ணிப் பார்ப்பதில்லை.

நீங்களே செய்து பாருங்கள்

மைதானத்தில் சுண்ணாம்பால் ஒரு கோடு கிழியுங்கள். ஒரு நண்பர் தூரத்திலிருந்து ஓடிவந்து அந்தக் கோட்டைக் கடந்து ஓடட்டும். முப்பது மீட்டர் தள்ளி, கோட்டுக்கு நேராக நீங்கள் நில்லுங்கள். அவர் கோட்டைக் கடப்பதைக் கண்டதும் "தொடு!" என்று கூவுங்கள். அதைக் கேட்டவுடன் அவர் கையிலுள்ள சிறு துணிப்பையைக் கீழே போடவேண்டும். கோட்டுக்கும் பை விழுந்த இடத்துக்கும் இடையே உள்ள தூரத்தை நாடாவால் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். இதைப் பத்து முறை செய்து சராசரி காணுங்கள்.

அடுத்த முறை அவர் இரு கைகளிலும் இரு பைகளை வைத்துக்கொள்ளட்டும். மூன்றாவது நண்பர் ஒருவர் கோட்டருகே நின்று, ஓடுபவர் கடக்கும் கணத்தில் சிவப்பு அல்லது பச்சைத் துணியை உங்களுக்குக் காட்டட்டும். ஓடுபவர் கண்ணில் அது படக்கூடாது. சிவப்பு என்றால் ஓடுபவரின் பெயரைச் சொல்லி "வலக்கைப் பையைப் போடு" என்றும், பச்சை என்றால் "இடக்கைப் பையைப் போடு" என்றும் முழு வாக்கியமாகக் கூவுங்கள். மறுபடியும் அளந்து பாருங்கள். இரண்டு சராசரிகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். எத்தனை முறை தவறான கைப் பை விழுந்தது என்பதையும் மறக்காமல் குறித்துக்கொள்ளுங்கள்.